மாதுளைப் பாகு: வீட்டில் காய்ச்சுவதும் கத்தரிக்காயில் போடுவதும்

புளிக்குப் பதில் மாதுளையா என்று முகம் சுளிக்க வேண்டாம். துருக்கி, சிரியா, லெபனான், ஈரான் பக்கமெல்லாம் மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, நாம் புளி கரைத்து ஊற்றுகிற மாதிரி சமையலில் சேர்க்கிறார்கள். மாதுளை மொலாசஸ் என்ற பெயரில் சென்னையில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தேடினால் கிடைக்கும். ஆனால் விலை கையைக் கடிக்கும், அதோடு சில பாட்டில்களில் மாதுளையைவிட குளுக்கோஸ் சிரப்பும் சிட்ரிக் ஆசிடும்தான் அதிகம். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், இல்லையா, வீட்டிலேயே காய்ச்சிவிடுங்கள்.

முதலில் பழம். கோயம்பேட்டில் விலை இறங்கும்போது ஒன்றரைக் கிலோ வாங்கினால் போதும், அரை லிட்டருக்குக் குறையாமல் சாறு வரும். நமக்கு அதிகம் கிடைக்கும் பக்வா ரகம் நல்ல சிவப்பு, ஆனால் புளிப்பு குறைவு. அந்த நாடுகளில் இதற்கென்றே புளிப்பு மாதுளை இருக்கிறது, நமக்கு எலுமிச்சைதான் கைகொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கடைசியில் மிஞ்சுவது வெறும் சிவப்புச் சர்க்கரைப் பாகு.

பழத்தின் தலையைச் சீவி, மேல்தோலை நாலைந்து இடத்தில் கீறி, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்தே பிரித்து உதிர்த்தால் முத்துகள் அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மேலே மிதக்கும், சட்டையிலும் கறை தெறிக்காது. தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டே சுற்று. விதை அரைபட்டால் கசப்பு இறங்கிவிடும், அதனால் இங்கே அவசரம் கூடாது. அப்புறம் துணியில் பிழிந்துகொள்ளுங்கள்.

அரை லிட்டர் சாறு, 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. அகலமான எவர்சில்வர் பாத்திரம்தான் சரி, புளிப்புக்கு அலுமினியமும் இரும்பும் ஆகாது. ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து நுரையை எடுத்துவிட்டு, அவ்வப்போது கிளறிக்கொண்டே இருந்தால் முக்கால் மணி நேரம் போல ஆகும், அடுப்பைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கலாம். கால் பங்குக்குச் சுண்டியதும் பெரிய குமிழ்கள் மெதுவாக வெடிக்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் அடுப்பை விட்டு நகராதீர்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் நடுவில் கோடு இழுங்கள். கோடு உடனே மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். சூட்டில் கொஞ்சம் தண்ணியாகத் தெரிந்தால் பயமில்லை, ஆறினால் இறுகும். ஒருவேளை மிட்டாய் பதத்துக்குப் போய்விட்டால் கொஞ்சம் வெந்நீர் விட்டு லேசாகச் சூடு காட்டுங்கள், இளகிவிடும்.

இப்போது கத்தரிக்காய். கால் கிலோவை நீளவாக்கில் நறுக்கி, நல்லெண்ணெயில் தட்டிய பூண்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு போட்டு ஓரம் முறுகும்வரை வதக்குங்கள். புளிக்குப் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும், இந்தப் பாகு ஏற்கெனவே காய்ச்சியது, அதனால் அடுப்பை அணைத்த பிறகுதான் ஒன்றரை டேபிள்ஸ்பூன் ஊற்றிப் புரட்ட வேண்டும். முன்பே ஊற்றினால் சர்க்கரை அடிப்பிடித்துக் கரிந்துவிடும். மேலே வறுத்த வேர்க்கடலை பொடித்துத் தூவினால் அமர்க்களமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் இதே விதி என்றில்லை, ஈரானில் ஃபெசன்ஜான் என்று வால்நட் பொடியோடு கோழியை இதில் மணிக்கணக்கில் சிம்மில் வேகவைப்பார்கள், அங்கே குழம்பு நிறைய இருப்பதால் கரியாது.

சாம்பார், ரசத்தில் இதைப் போட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், இனிப்பு தூக்கிவிடும். கேரட் கோசுமல்லியில் எலுமிச்சைக்குப் பதில் ஒரு ஸ்பூன், கிரில் சிக்கனை இறக்கும் முன் மேலே ஒரு பூச்சு, இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்தால் புளித்துப் பொங்கிவிடும்.