கதிரையில் தோற்கிற ஓட்டம்

ஒரு சுற்று 6.7 கிலோமீற்றர். அதை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். அடுத்த மணி அடிக்கும்போது கோட்டில் நிற்காதவர் வெளியே. ஒரே ஆள் மிஞ்சும்வரை இப்படியே. அமெரிக்காவின் டெனசியில் காரி கன்ட்ரெல் தொடக்கிவைத்த பாக்யார்ட் அல்ட்ரா என்ற நெடுந்தூர ஓட்டப்போட்டியின் விதி இவ்வளவுதான். 24 சுற்று ஓடினால் 100 மைல். அந்தக் கணக்குக்காகவே சுற்றை அந்த நீளத்துக்கு வெட்டினார்.

கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். வன்னியில் இரணைமடுக் குளத்துப் பக்கம் நாங்கள் நாலு பேர் ஒரு சுற்று அளந்து பழகத் தொடங்கியபோது, முதல் மூன்று சுற்றில் ஒவ்வொன்றையும் 42 நிமிடத்தில் முடித்துவிட்டு, மற்றவர்கள் வந்துசேர்வதைக் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆள் என்ற நினைப்பு. ஐந்தாம் சுற்றுக்கு விசில் அடித்தது. "அண்ணை, எழும்புங்கோ, கடைசி விசில்" என்று தம்பி கையைப் பிடித்து இழுக்கிறான். தொடை இறுகி, நாரி நிமிரவில்லை. முந்தி வருகிறவருக்கு இந்த ஓட்டத்தில் ஒன்றும் கிடையாது. 18 நிமிடம் இருந்தால் கால்தான் விறைக்கும். 50, 53 நிமிடத்தில் வாருங்கள். குளக்கட்டு ஏற்றத்தை முதற்சுற்றிலேயே நடந்து ஏறுங்கள். களைத்த பிறகு நடப்போம் என்றால் பிந்திவிடும். அடுத்த சுற்றுத் தொடங்க 3, 2, 1 நிமிடம் இருக்கும்போது விசில் அடிப்பார்கள். முதல் விசிலுக்கே எழும்பிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். வன்னி வெயிலில் சட்டையில் உப்புப் பூக்கும். போன உப்பைத் திருப்பிக் கொடுக்காமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும்: தலையிடி, சத்தி, தடுமாற்றம். பக்கத்தில் நிற்பவர்கள் தாகமென்று நினைத்து இன்னொரு போத்தல் நீட்டுவார்கள், அதுதான் ஆபத்து. ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பது), உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி, கஞ்சி வையுங்கள். நோவுக்கு இபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். உடல் வறண்ட நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும்.

கிரவல் றோட்டுப் புழுதி சொக்ஸுக்குள் போய் விரலிடுக்கில் அரைக்கும். கடிக்கத் தொடங்கியவுடனேயே கழற்றி உதறுங்கள், கொப்புளம் வந்தபின் அல்ல.

எங்கள் மண்ணுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது: அவசரத்துக்குப் பாதையை விட்டுப் பற்றைக்குள் ஒதுங்குவது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் வன்னியில் உண்டு. சுற்றை அளக்குமுன் அந்த ஊர்ச்சனத்திடம் கேளுங்கள். ஆனை இறங்குகிற வழியையும் அவர்களே சொல்வார்கள். இரவிலும் ஓடவேண்டிய பாதை அல்லவா.

கடைசியில் இருவர் மிஞ்சி, மற்றவர் போதும் என்றதும் கைகுலுக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். இன்னுமொரு சுற்றை நேரத்துக்குள் தனியே முடித்தால்தான் வெற்றி. இல்லாவிட்டால் அன்றைக்கு வென்றவர் ஒருவருமில்லை. 2025 யூனில் அவுஸ்திரேலியாவில் ஃபில் கோர் 119 சுற்று ஓடினார், கிட்டத்தட்ட ஐந்து நாள். அந்த 119ஆவது சுற்றில் அவருக்குப் பக்கத்தில் ஓட ஆளில்லை.