ஊருக்கு வந்தால் ஒரு பிள்ளைக்கு வழிகாட்டுங்கள்
காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து தூசி தட்ட வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை என்.எம்.எம்.எஸ். என்னும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன் என்று சொல்லுங்கள். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. மனத்திறன் பகுதியில் சற்றுத் தடுமாறுவார்கள். பழைய வினாத்தாளைப் பள்ளியிலேயே உட்கார்ந்து சேர்ந்து போட்டுப் பாருங்கள். அப்புறம் வாரம் ஒரு போன். நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் (நம்மவர்களுக்கு இதுதான் சிரமம்).

படிப்பில் மனம் ஒட்டவில்லையா? சரி, வீட்டில் சொல்லிவிட்டு ஆத்தங்குடி பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். சூளையே இல்லாமல், கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்த்தால் கேள்வி தானாக வரும். போன் பண்ண முடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளை காத்திருக்கும்.