2,500 வெள்ளிக்குள் முதல் கேமிங் பிசி: பவர் சப்ளை லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்

அக்கா மகன் எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விளையாட ஒரு கம்ப்யூட்டர். அக்கா ஒதுக்கி வைத்திருந்தது 2,500 வெள்ளி. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் பூட்டி முடித்ததையே இணையத்தில் வாங்கினோம். வந்த இரண்டாம் நாளே பிரச்சினை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாக வேண்டும்.

1. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் பணம் முழுவதும் பெட்டிக்கே போய்விடக் கூடாது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் இருக்கின்றன. எங்களிடம் பழைய 1080பி மானிட்டர் இருந்தது, அதனால் சமாளித்தோம். எந்த விளையாட்டு என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலரன்ட், டோட்டா 2 மட்டும் என்றால் சாதாரண கிராபிக்ஸ் கார்டே (படத்தைத் திரைக்கு வரைந்து தரும் பாகம்) போதும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளும் வேண்டும் என்றால், 8 ஜிபி மெமரிக்குக் குறைவான கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

2. விளம்பரத்தில் என்ன எழுதவில்லை என்று பாருங்கள்

ஷோப்பியிலும் லாசாடாவிலும் இப்படித்தான் போட்டிருப்பார்கள்: "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்ஜிபி ஃபேன்". இதில் முழுப் பெயரோடு ஒரு பாகமும் இல்லை. பெயரை எங்கே விட்டிருக்கிறார்களோ, பெரும்பாலும் அங்கேதான் காசை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

ஐ7 என்பது இன்டெலின் புராசசர் (கணினியின் மூளை) வரிசை. ஆனால் எந்த ஐ7? 4ஆம் தலைமுறை ஐ7-4770 வெளிவந்தது 2013இல். விண்டோஸ் 11 இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்த ஐ7ஐ விட ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600 எவ்வளவோ மேல். இரண்டிலும் 6 கோர் (கணக்கிடும் பிரிவு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை). பட்ஜெட் பெட்டிக்கு நான் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. ஆர்டிஎக்ஸ் 3050 என்று மட்டும் போட்டிருந்தால் 6 ஜிபியா 8 ஜிபியா என்று கேளுங்கள். 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் குறைந்தது மெமரி மட்டுமில்லை. 2,560 கோர் 2,304 ஆகிவிட்டது, மெமரி பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. பெயர் ஒன்று, கார்டு வேறு. ஏறக்குறைய அதே விலையில் ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060.

ரேம் 16 ஜிபி என்றால் இரண்டு 8 ஜிபியாகக் கேளுங்கள். ஒற்றை 16 ஜிபியில் வேகம் குறையும்.

3. பவர் சப்ளை

வீட்டு மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகம் இது. நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

பெட்டியில் ஐ5-12400எஃப், ஆர்எக்ஸ் 6600 எல்லாம் சொன்னபடியே இருந்தன. படிவம் எழுதும்போது, படம் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லை. விளையாட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆனால் போதும், பொட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. "மாமா, மறுபடியும் போச்சு" என்று இரவு பதினொரு மணிக்கு அழைப்பான். விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன். சூடாக இருக்குமோ என்று பக்கக் கதவைத் திறந்து மேஜை விசிறியை வைத்தோம். செந்தூல் அடுக்குமாடி வீட்டு மின்சாரமே சரியில்லையோ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தோம். அங்கும் அணைந்தது.

கடைசியில் டார்ச் அடித்துப் பவர் சப்ளையின் பக்கத்திலிருந்த லேபிளைப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 550 வாட். கீழே சின்னக் கட்டத்தில் +12 வோல்ட், 20 ஆம்பியர். புராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் போவது இந்த +12 வோல்ட்டில்தான். 12ஐ 20ஆல் பெருக்குங்கள்: 240 வாட். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட் வேண்டும். ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். இந்த இரண்டுக்குமே 249. ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் அதற்கு மேல். அப்புறம் அது எப்படி நிற்கும்?

விற்ற கடையைக் கேட்டோம். முழுப் பெட்டியையும் எங்கள் செலவில் அனுப்பி வைக்கச் சொன்னார்கள். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய் 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரை, அதாவது மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று, உள்ள 550 வாட் பவர் சப்ளை வாங்கி மாற்றினோம். அன்றிரவு அவன் நான்கு மணி நேரம் விளையாடினான், ஒரு தடவைகூட அணையவில்லை.

ஆகவே வாங்கும் முன் பவர் சப்ளையின் பிராண்டையும் மாடலையும் எழுத்தில் வாங்குங்கள். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல 550 வாட்டில் +12 வோல்ட் வரிசை மட்டுமே 500 வாட்டை ஒட்டியோ மேலேயோ இருக்கும். என் விருப்பம் கோர்சேர் சிஎக்ஸ், கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ, சீசானிக். பெயர் தெரியாத பிராண்டில் வாட் எவ்வளவு போட்டிருந்தாலும் தொடாதீர்கள். "500டபிள்யூ பிஎஸ்யு" (500 வாட் பவர் சப்ளை) என்று மட்டும் எழுதியிருக்கும் விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

4. நேரில் போய்க் கேளுங்கள்

இணையத்தில் பார்த்து வையுங்கள், ஆனால் முதல் பெட்டியை நேரில் வாங்குவதே நல்லது என்பேன். லோயாட் பிளாசா இம்பி மோனோரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வார நாளில் காலையில் போனால் கடைக்காரர் நின்று பதில் சொல்வார். மூன்று நான்கு கடைகளில் விலைப்பட்டியல் வாங்குங்கள், அன்றே பணம் கட்டாதீர்கள். "பிஎஸ்யு ஜெனாமா அபா, மோடல் அபா?" (பவர் சப்ளை என்ன பிராண்ட், என்ன மாடல்?) என்று மலாயில் கேளுங்கள். உடனே பெயர் சொல்கிறவர் கடையில் வாங்கலாம்.

உத்தரவாதம் கடையுடையதா, ஒவ்வொரு பாகத்தின் தயாரிப்பாளருடையதா என்றும் கேளுங்கள். ரசீது வரி கட்டுகிறவர் பெயரில் இருக்கட்டும். வருமான வரியின் வாழ்க்கைமுறை விலக்கில் 2,500 வெள்ளி வரை சொந்தக் கணினிக்கும் கணக்குக் காட்டலாம், பிள்ளைக்கு வாங்கியதும் சேரும். ஆனால் புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500க்குள்தான். கடை கைவிரித்தாலும் அந்த ரசீதுதான் துணை. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

5. வீட்டுக்கு வந்ததும்

பக்கக் கதவைத் திறந்து உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எடுக்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள், பல நேரம் 60இலேயே நின்றிருக்கும். மாலையில் இடி இடிக்கிற ஊர் நம்முடையது. மழை கட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர் புதுப் பெட்டியில் திரையே வரவில்லை என்று எழுதினார். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) செருகியிருந்தார். மாடலின் கடைசியில் எஃப் இருந்தால் அந்த இன்டெல் புராசசரில் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளை கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். இதை நான் மேலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பினாங்கிலிருந்து ஒரு தம்பி, லேபிளில் +12 வோல்ட் இரண்டு வரிசை இருக்கிறது, இரண்டையும் கூட்டலாமா என்று கேட்டார். கூட்டாதீர்கள். அந்த வரிசைகளுக்குக் கீழே இரண்டுக்கும் சேர்த்து மொத்த வாட் அச்சிட்டிருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். அவருடையதில் அது 300 வாட்கூட இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டார், கடையிலும் வேறு மாற்றித் தரச் சம்மதித்திருக்கிறார்கள்.