பெருநகரில் பண்பாட்டு, கண்காட்சி மையம் வடிவமைக்கும் முறை: பாரிஸின் பொம்பிடூ மையத்தை முன்வைத்து

நகரின் நடுவே பெரிய பண்பாட்டு மையம் ஒன்றைக் கட்ட முனைவோர் பெரும்பாலும் கட்டடத்தின் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியவை இரண்டு உண்டு: நுழைவுச்சீட்டு வாங்காத ஒருவர் எந்த இடம் வரை தடையின்றி வரலாம், கலைப்பொருள் ஏற்றிய லாரி எந்த வழியாக உள்ளே வரும். இந்த இரண்டு வழிகளும் தெளிவானால் மற்றவை அவற்றைப் பின்தொடரும். பாரிஸின் பொம்பிடூ மையம் இதைக் கற்க நல்ல இடம். அங்கே சரியாக அமைந்தவையும் பின்னாளில் திருத்த நேர்ந்தவையும் ஒருங்கே காணக் கிடைக்கின்றன.

முதலில் மனையை வெறுமையாக வரைந்து, சுற்றியுள்ள தெருக்களிலிருந்து மக்கள் எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்பதைப் பல வேளைகளில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். பொம்பிடூ மையம் எழுந்த இடம், அதற்கு முன் வாகன நிறுத்தமாக இருந்த போபூர் திடல்; அதற்காக 1971-இல் நடந்த போட்டிக்கு 681 வடிவமைப்புகள் வந்தன. ஜான் புரூவே தலைமையிலான நடுவர் குழு ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ராஜர்ஸ், ஜான்பிராங்கோ பிராங்கினி ஆகியோரின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் மனையின் ஏறக்குறைய பாதியைக் கட்டாமல் திறந்த முற்றமாக விட்டு, அதை வாசலை நோக்கி மெல்லச் சரியும்படி அமைத்தார்கள். அந்தச் சரிவில் மக்கள் தாமாகவே உட்கார்ந்தார்கள், தெருக்கலைஞர்களைச் சுற்றிக் கூடினார்கள். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் கட்டடக் கலைஞர் லினா போ பார்டி 1968-இல் கட்டிமுடித்த கலை அருங்காட்சியகம் இதையே வேறு விதமாகச் செய்கிறது: 74 மீட்டர் நீளத்துக்குத் தூணே இல்லாமல் கட்டடத்தை மேலே தூக்கி நிறுத்தி, அடியில் உள்ள நிலத்தை நகருக்கு விட்டுக்கொடுக்கிறது. இடம் போதவில்லை என்ற காரணம் காட்டி இந்தத் திறந்த நிலத்தைக் குறைக்க யார் கேட்டாலும் இணங்காதீர்கள். பின்னால் எவ்வளவு செலவிட்டாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

அடுத்ததாக, மையத்தில் நடக்கவிருக்கும் ஒவ்வொரு செயலுக்கும் அதன் நேரம், ஓசை, எடை, வெளிச்சத் தேவை ஆகியவற்றை எழுதிவையுங்கள். பொம்பிடூவில் நவீனக் கலை அருங்காட்சியகம், பொது நூலகம், திரையரங்குகள் எனப் பலவும் 2025 வரை ஒரே கூரையின் கீழ் இயங்கின. நூலகத்துக்கு வரும் மாணவரும் கண்காட்சிக்கு வரும் பயணியும் ஒரே வரிசையில் நின்றால் இருவருக்குமே துன்பம் என்பதால், 2000-இல் முடிந்த புதுப்பிப்பின்போது நூலகத்துக்குத் தனி வாயில் அமைக்கப்பட்டது. இதை முதல் வரைபடத்திலேயே செய்துவிடலாம். அதே புதுப்பிப்புக்குப் பிறகு, முகப்பில் ஏறும் புகழ்பெற்ற நகரும் படிக்கட்டு நுழைவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே என்றானது. நகரத்தை உயரத்திலிருந்து பார்க்கும் இன்பம் எல்லோருக்கும் உரியதாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தாங்கும் அமைப்பைப் பொறுத்தவரை, பொறியாளரை முதல் நாளிலேயே உடன் அமர்த்துங்கள். அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் பீட்டர் ரைஸ் பொம்பிடூவில் ஏறக்குறைய 10 டன் எடையுள்ள வார்ப்பு எஃகுக் கைகளைத் தூண்களில் கோத்தார். கையின் உள்முனை ஏறத்தாழ 45 மீட்டர் நீள உத்திரத்தைத் தாங்க, வெளிமுனையை எஃகுக் கம்பி கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது; அதனால் தளங்களின் உள்ளே ஒரு தூண்கூட இல்லை. ஆயினும் தூணற்ற பெருவெளி எல்லாவற்றுக்கும் பொருந்திவிடாது. சிறிய ஓவியம் ஒன்று அங்கே தனித்துத் தொலைந்துபோகும். 1980-களில் கட்டடக் கலைஞர் கேய் ஔலென்டி பொம்பிடூவின் அருங்காட்சியகத் தளத்தைச் சுவர்களும் அறைகளுமாக மாற்றியமைத்தது இந்தக் காரணத்தால்தான். ஆகவே ஒரு பெரிய கூடத்தைத் திறந்தவெளியாக வைத்து, அதன் பக்கத்திலேயே நிலையான சுவர்கள் கொண்ட அளவான அறைகளையும் அமைப்பது நல்லது.

பார்வையாளர் கண்ணில் படாத பகுதிதான் அதிக உழைப்பைக் கேட்கும். லாரி முழுவதும் உள்ளே நுழைந்து கதவு மூடப்பட்ட பிறகே பொருள் இறக்கும்படி சரக்கு முற்றத்தை அமையுங்கள். அங்கிருந்து கூடம் வரையிலான ஒவ்வொரு கதவும், வளைவும், சரக்கு மின்தூக்கியும் நீங்கள் காட்ட விரும்பும் மிகப் பெரிய பொருளின் அளவுக்கு இடம் தர வேண்டும். ஒரே ஒரு கதவு குறுகினாலும் முழு வழியும் வீண். வந்த பெட்டிகளைத் திறக்காமல் ஒரு நாளாவது வைத்திருக்க, கூடத்தின் வெப்பநிலையும் ஈரப்பதமும் கொண்ட அறை வேண்டும். காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் அலைபாயாமல் நிறுத்துங்கள். தாளிலும் துணியிலும் உள்ள படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பது வழக்கமான உச்சவரம்பு. வெயிலிலிருந்து வருபவருக்கு 50 லக்ஸ் இருட்டாகத் தோன்றும் என்பதால், கண் பழகுவதற்கு இடையில் மங்கலான ஒரு கூடம் வையுங்கள்.

ஓசையைப் பிரிப்பதற்குச் சுவரைவிடத் தூரமே நல்ல துணை. பொம்பிடூவின் இசை ஆய்வு நிறுவனம் பக்கத்துச் சதுக்கத்தின் அடியில், நிலத்துக்குள் கட்டப்பட்டது. அங்குள்ள அரங்கின் சுவர்ப் பலகைகளைச் சுழற்றியும் மேற்கூரையை ஏற்றி இறக்கியும் ஒலி அடங்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பேச்சுக்கு ஒரு வினாடி அளவும், வாத்தியக் குழுவுக்கு இரண்டு வினாடி அளவும் தேவைப்படுவதால், பல பயன்களுக்கான அரங்கில் கனமான திரைகளாவது அவசியம்.

பராமரிப்புக்கான வழிகளையும் வரைபடத்திலேயே காட்டுங்கள். பொம்பிடூவில் காற்றுக்கு நீலம், நீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மக்கள் நடமாட்டத்துக்குச் சிவப்பு என வண்ணம் தீட்டிக் குழாய்களை வெளியே வைத்ததால், உள்ளே இடம் மிஞ்சியது. ஆனால் அவை மழையிலும் வெயிலிலும் கிடக்கின்றன. 1977-இல் திறக்கப்பட்ட மையம் 1997 முதல் 2000 வரை பெரும் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. உடல்நலத்துக்குக் கேடான கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) அகற்றவும், தீப் பாதுகாப்பையும் ஆற்றல் பயன்பாட்டையும் சீர்செய்யவும் 2025-இல் மீண்டும் மூடப்பட்டது. திறப்பு 2030-இல் என்று திட்டமிடப்பட்டுள்ளது. எனவே ஒவ்வொரு குழாயையும் எட்டும் நடைபாதை, ஒவ்வொரு பொருளின் பெயரும் ஆண்டும் குறித்த பதிவேடு, ஒரு பகுதியை மூடினாலும் மற்ற பகுதி இயங்கும்படி தனித்தனியாக அடைக்கக்கூடிய குழாய், மின் இணைப்புகள் ஆகியவற்றை ஒப்பந்த ஆவணத்திலேயே சேர்த்துவிடுங்கள்.