ஈரல் சுருக்கம் உள்ளவருக்குப் பித்தக்குழாய்க் கல்: வெட்டாமல் விரித்து எடுப்பது எப்படி?

ஈரல் சுருக்கம் உள்ளவருக்குக் காமாலை ஏறினால், ஈரல் இன்னும் கெட்டுவிட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். கடலூர்ப் பக்கம் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பார்கள். ஆனால் காரணம் பித்தக்குழாயை அடைத்த கல்லாகவும் இருக்கலாம். அதைக் கீழாநெல்லி அசைக்காது. வலது விலாவடியில் வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், காமாலை மூன்றும் சேர்ந்தால் அன்றே கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் இல்லையென்றால் முதலில் பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பித்தக்குழாய்க்குள் போகும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சையைச் சந்தேகத்துக்காகச் செய்யக் கூடாது.

ஈ.ஆர்.சி.பி.க்கு முன் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் அளவு), பிளேட்லெட் (ரத்தத் தட்டணு), கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) மூன்றின் முடிவும் கையில் இருக்க வேண்டும். ஐ.என்.ஆர். கூடியிருந்தால் வைட்டமின் கே 10 மி.கி. நரம்பில் போடுவார்கள். ஓரிரு நாளில் இறங்கினால் அடைப்புதான் காரணம். அசையாவிட்டால் ஈரலே சோர்ந்திருக்கிறது. ஐ.என்.ஆரைச் சரிக்கட்ட ரத்தப் பிளாஸ்மாவைப் பை பையாக ஏற்றுவது நல்லதல்ல, ஈரலுக்கு வரும் போர்ட்டல் ரத்தக்குழாயின் அழுத்தம்தான் ஏறும். வயிற்று நீர் அதிகமிருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 8 கிராம் ஆல்புமின் (ரத்தப் புரதம்) ஏற்ற வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரல் மாத்திரை போடுபவர் தானாக நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேட்கட்டும்.

கல்லை எடுக்க, பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயை வழக்கமாக மின்கத்தியால் வெட்டுவார்கள். ஈரல் சுருக்கத்தில் அந்த வெட்டு ரத்தம் கக்கும். குறிப்பாக ஈரல் மிகவும் கெட்ட சைல்டு-பியூ சி நிலையில். எனவே வெட்டாமல் பலூனால் விரிப்பார்கள். வழிகாட்டும் கம்பி பித்தக்குழாய்க்குள் போனதும் 8 மி.மீ. பலூனைக் குழாயின் வாயில் நிறுத்தி, சாயநீரால் மெதுவாக ஊத வேண்டும். குழாயின் அகலத்தைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ரே திரையில் பலூனின் நடுவில் இடுப்பு போல ஒரு பள்ளம் தெரியும். அது மறைந்த பிறகும் 2 முதல் 5 நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு நிமிடத்தில் இறக்கினால் தசை சரியாக நெகிழாது, கணையம் வீங்கும் வாய்ப்பும் கூடும். பிறகு கூடை வலையால் கல்லை இழுக்கலாம். 10 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம்: 7 அல்லது 10 பிரெஞ்ச் (தடிமன் அளவு) பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துப் பித்தத்தை ஓடவிட்டு, மூன்று மாதத்துக்குள் மறுபடி வரலாம்.

பலூனின் குறை கணைய அழற்சி. தடுக்க ஆசனவாயில் டைக்ளோபினாக் வலி மருந்து 100 மி.கி. வைப்பது வழக்கம்; வயிற்று நீரோ சிறுநீரகக் குறையோ இருந்தால் அது வேண்டாம், கணையக் குழாயில் 5 பிரெஞ்ச் ஸ்டென்ட் போதும். ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் அப்படியே விலக்கு. மயக்கத்துக்கு மிடாசோலம் கொடுத்தால் ஈரல் கோளாறால் வரும் மூளை மந்தம் தட்டும், புரோபோபால் மேல்.

வீடு திரும்பியதும் மலமிளக்கும் லாக்டுலோஸ் மருந்து நிற்கக் கூடாது, நாளுக்கு 2, 3 முறை மலம் இளகிப் போக வேண்டும். தார் போல் கருத்த மலம், முதுகுக்குப் பரவும் வலி, குழப்பப் பேச்சு இருந்தால் உடனே திரும்புங்கள். ஸ்டென்ட் எடுக்கும் தேதியைப் போனில் போட்டுவையுங்கள். மறந்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு அதே நடுக்கக் காய்ச்சலைக் கொண்டுவரும்.