பிள்ளையை ஃப்ளாக் ஃபுட்பாலில் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் வாயைக் கட்டுங்கள்

டாலஸ் பக்கம் புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு வங்கிக் கணக்கு, கார் லைசென்ஸ், எந்தக் கடையில் நல்ல பொன்னி அரிசி என்பதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் பையன் ஒரு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு "அப்பா, நானும் ஃப்ளாக் ஃபுட்பால் சேரட்டுமா?" என்று நிற்பான். அதைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது வயது ஆள் கார் பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்து ஸ்டியரிங்கை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நாங்கள் இருப்பது ஃப்ரிஸ்கோ. டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் தலைமையகமே 2016 முதல் இந்த ஊரில்தான். இங்கே ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை, நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. ஹெல்மெட் போட்டு ஆளை ஆள் இடித்துத் தள்ளும் அசல் ஆட்டத்தைப் பார்த்தால் எந்த அம்மாவும் பிள்ளையை அனுப்ப மாட்டாள். அதனால்தான் இந்த ஃப்ளாக். இடுப்பில் ஒரு பெல்ட், அதில் இரண்டு பக்கமும் ரிப்பன் போலத் தொங்கும் பட்டைகள். பந்தோடு ஓடுபவனைப் பிடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. பட்டையை உருவினால் போதும், ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

"இது என்ன பேர் தெரியாத விளையாட்டு" என்று ஊரிலிருந்து மாமனார் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்தார்களே, அதே கூட்டத்தில்தான் இதையும் சேர்த்தார்கள். என் மாமனார் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பெண் பிள்ளை இருந்தாலும் தயங்காதீர்கள். கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளில் 2023 முதல் பெண்களுக்கு இது அதிகாரபூர்வமான விளையாட்டு.

பதிவு செய்வதெல்லாம் பத்து நிமிட வேலை. ஆன்லைனில் பெயர், பிறந்த தேதி, சட்டை அளவு, கார்டு நம்பர். இலையுதிர் காலத்துக்குக் கோடையிலேயே இடம் தீர்ந்துவிடும், முந்திக்கொள்ளுங்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை, எனவே தமிழ்ப் பள்ளியோடு மோதும். இரண்டையும் விடாமல் ஓட்டலாம், ஆனால் காரில் சாப்பிடப் பழக வேண்டும். கோச் என்பவர் சம்பள ஆள் இல்லை, உங்களைப் போல ஒரு அப்பாவோ அம்மாவோதான். பதிவின் கடைசிப் பக்கத்தில் "பெற்றோர் நடத்தை விதிகள்" என்று ஒன்று வரும், கீழே ஒரு கட்டம் இருக்கும். நான் டிக் அடித்துவிட்டுப் போனேன். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். அந்தக் கட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாமான் விஷயத்தில் ஒன்றே ஒன்று. பாக்கெட் இல்லாத ஷார்ட்ஸ் வாங்குங்கள். பட்டையை உருவ வரும் பையனின் விரல் பாக்கெட்டில் மாட்டினால் எலும்பு போய்விடும், அதனால் பாக்கெட்டோடு உள்ளே விட மாட்டார்கள். நாங்கள் தெரியாமல் போய், முதல் ஆட்டத்தன்று இன்னொரு அம்மா கொடுத்த டேப்பை ஒட்டிப் பாக்கெட்டை மூடினோம். ஷார்ட்ஸ் நிறமும் பட்டையின் நிறமும் ஒன்றாக இருக்கக் கூடாது, சட்டையை உள்ளே விட்டிருக்க வேண்டும். பற்களுக்கு மவுத் கார்டு கட்டாயம். கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, சற்று ஆறியதும் பையன் கடித்தால் அது அவன் பல்வரிசைக்குப் படியும். என் மனைவி முதல் தடவை இட்லி வேகும் நேரத்துக்கு விட்டுவிட்டாள். கரண்டியில் எடுத்தபோது அது மவுத் கார்டாக இல்லை.

ஆட்டத்தை விளக்க முயன்றால் பொழுது போய்விடும். அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். வைத்திருக்கும் ஃப்ளாக் விதிகளைத்தான் ஊர் லீக்குகள் பெரும்பாலும் அங்கங்கே மாற்றி வைத்துக்கொள்கின்றன. பக்கத்துக்கு ஐந்து பேர். தன் பக்கத்து 5 யார்டு கோட்டிலிருந்து தொடங்கி நான்கு வாய்ப்புக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் கோல் எல்லைக்குப் போகப் புது வாய்ப்புகள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் தானே ஓடக் கூடாது, 7 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். அவனை நோக்கிப் பாய்ந்து வருகிறவன் பந்து வைத்த கோட்டிலிருந்து 7 யார்டு பின்னால் நின்றுதான் கிளம்ப வேண்டும். பந்து தரையில் விழுந்தால் அத்தோடு சரி, புரண்டு பொறுக்குவதெல்லாம் கிடையாது. பந்தோடு கோல் எல்லைக்குள் போய்விட்டால் அது டச்டவுன், 6 புள்ளி. யார்டு என்பது நம்ம கெஜம்தான். ஊரில் புடவை வாங்கும்போது மட்டும் கேட்ட அளவு.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். பள்ளிக்கூட நாளில் நான் கபடி ரெய்டர். பொங்கல் போட்டிகளில் நாங்கள் ஜெயித்த அண்டா ஒன்று இன்னும் அம்மா வீட்டில் தண்ணீர் பிடிக்கப் பயன்படுகிறது. பையன் பட்டையோடு ஓடுவதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய ஆள் எழுந்துவிட்டான். இது சடுகுடுவின் சித்தப்பா பிள்ளைதானே! எதிராளியின் கை வருகிறது, நாம் நழுவ வேண்டும். வீட்டுப் பின்புறப் புல்வெளியில் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தேன். கை நீட்டுகிறவன் மணிக்கட்டை வெளிப்பக்கமாகத் தட்டிவிடு. குனிந்து டுப்கி போடு. இடுப்புக்கு முன்னால் முழங்கையை வைத்து மறை. பையன் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் சொல்லிக்கொடுத்த மூன்றும் தப்பு.

பட்டையைக் கையாலோ பந்தாலோ சட்டையாலோ மறைப்பது, உருவ வரும் கையைத் தட்டிவிடுவது, தோளை இறக்கிக் குனிந்து மறைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே ஒரே பெயர்: ஃப்ளாக் கார்டிங். தப்பிக்கத் தாவக் கூடாது, பாயக் கூடாது, முழங்கால் தரையில் பட்டாலே ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும். சுழன்று தப்பிக்கலாம், திசை மாறலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கை மட்டும் பந்தோடு இருக்க வேண்டும். முதலில் கேட்டபோது பைத்தியக்கார விதியாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. ஒருவன் கையைத் தட்டினால் அடுத்தவன் இறுக்கிப் பிடிப்பான், அப்புறம் சட்டையை இழுப்பான், ஹெல்மெட் இல்லாத ஒன்பது வயசுப் பிள்ளைகள் மேலே விழுந்து புரளுவார்கள். கபடியில் பிடிப்பதுதான் ஆட்டம், அதனால் தட்டுவது நியாயம். இங்கே பிடிக்கவே கூடாது என்றால் தட்டுவதற்கு என்ன நியாயம்?

இந்த ஞானமெல்லாம் பிறகு வந்தது. இரண்டாவது ஆட்டத்தில் பையன் பந்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் பறந்தான். ஒருவன் கையை நீட்டினான், இவன் தட்டினான், நேராகக் கோல் எல்லைக்குள். நான் துள்ளிக் குதித்தேன். ரெஃப்ரி வீசிய ஒரு மஞ்சள் துணி புல்லில் விழுந்தது, தப்பு என்று அர்த்தம். டச்டவுன் கிடையாது, தட்டிய இடத்துக்குப் பந்தைக் கொண்டுவந்து அங்கிருந்தும் பின்னால் தள்ளி வைத்தார்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை ஓடினான், மறுபடி தட்டினான், மறுபடி மஞ்சள் துணி.

எங்கள் ஊரில் நடுவரைச் சுற்றி இருபது பேர் நின்று கத்துவதற்குப் பெயர்தான் அப்பீல். தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் அணிக்காரனே அம்பயராக நிற்பான், எல்.பி.டபிள்யூ. என்ற பேச்சே கிடையாது. அந்தப் பழக்கத்தில் கோடு ஓரமாக நடந்துபோய் "அவன் இடிக்கவே இல்லையே, எங்கே இடித்தான், காட்டு" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். நடுவில் பையனைப் பார்த்துத் தமிழிலும் கத்தினேன். "விடாதடா, ஓடிக்கிட்டே இரு" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்கள் உரக்கப் பேசும் தமிழ், மொழி தெரியாதவர்கள் காதில் எப்படி விழும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எதிரணிப் பெற்றோர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

நான் யாரிடம் கத்தினேன் என்பதை அருகில் போன பிறகுதான் சரியாகப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்குள் பதினாறு வயதுக்கு மேல் இருக்க முடியாத ஒரு பெண். கையில் விசில், கண்ணில் தண்ணீர். இந்த லீக்குகளில் ரெஃப்ரியாக நிற்பவர்கள் பல பேர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், கைச்செலவுக்காகச் சனிக்கிழமை வெயிலில் நிற்கிறவர்கள். அக்கா மகள் வயது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மிக அமைதியாக நடந்தது. லீக்கின் பெரியவர் ஒருவர் வந்தார், என் பெயரைக் கேட்டார், செல்போனில் நான் டிக் அடித்த அந்தப் பக்கத்தைக் காட்டினார். பார்வையாளர் தகராறு செய்தால் அவருடைய அணிக்குத் தண்டனை. எங்கள் அணிக்கு 10 யார்டு பின்னால். நான் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும், அடுத்த வாரமும் வரக் கூடாது. குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, "சார்" போட்டுச் சொன்னார். நம் ஊரில் என்றால் சட்டையைப் பிடித்திருப்பார்கள், அரை மணி நேரத்தில் டீக்கடையில் சமாதானமாகியிருக்கும். இங்கே சட்டையைத் தொடவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு அப்பா ஆட்டம் முழுக்க என்னைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தார். ஆனால் கவனித்தால் அவர் கத்தியது தன் பிள்ளை பெயரையும் "குட் ஜாப்" என்பதையும்தான். ரெஃப்ரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே எவ்வளவு சத்தம் என்று பார்ப்பதில்லை, யாரை நோக்கி என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆகவே சந்தேகம் இருந்தால் நீங்கள் கேட்காதீர்கள். ரெஃப்ரியிடம் பேச உரிமை தலைமைக் கோச் ஒருவருக்குத்தான், அதுவும் ஆட்டம் நிற்கும்போது. கோச் மீதே வருத்தம் என்றால், என் பிள்ளையை ஏன் குவார்ட்டர்பேக்காகப் போடவில்லை என்ற வகையறா, 24 மணி நேரம் கழித்துத்தான் பேச வேண்டும் என்று பல அணிகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வருத்தம் இருக்காது.

பிள்ளைக்கும் சிலவற்றைச் சொல்லி அனுப்புங்கள். அடுத்தவன் பட்டையை உருவினால் அதைத் தூக்கிக் காட்டிவிட்டு அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். தூக்கி எறிவது மரியாதை இல்லை. என் பையன் முதல் முறை ஒருவனின் பட்டையை உருவியதும், நான் காட்டிய பழைய வீடியோ ஞாபகத்தில் தொடையைத் தட்டி நின்றான். நமக்கு அது வீரம், ரெஃப்ரிக்கு அது கேலி. எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக வந்து கையில் கை தட்டி "குட் கேம்" சொல்லும். தோற்ற அழுகையோடும் அந்த வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மனைவியும் பையனும் பக்கத்துத் தெரு நண்பர் காரில் போனார்கள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே ஓட்டிப்போய்ப் பார்க்கிங்கில் நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் கழிப்பறைக் கட்டடம்தான் தெரியும். ஒரு கட்டத்தில் பெரிய ஆரவாரம் கேட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. அரை மணி கழித்துப் பையன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். கையால் தட்டாமல், ஒரே சுழற்சியில் இருவரைத் தாண்டி, அவனுடைய முதல் டச்டவுன். நண்பர் வீடியோ எடுத்திருந்தார். அதில் பாதிக்கு மேல் அவருடைய கட்டைவிரல்தான் தெரிகிறது, கோல் எல்லையைத் தொடும் இடத்தில் முழுசாகவே கட்டைவிரல். "நீ பாத்தியாப்பா?" என்று கேட்டான். சத்தம் கேட்டது என்றேன்.

அந்த ரெஃப்ரிப் பெண்ணிடம் அதற்கடுத்த வாரம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நோ வொரீஸ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அதற்கு மேல் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது ஆட்டம் தொடங்கும் விசில் அடித்ததும் என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து என் வாயில் போட்டுவிடுகிறாள். தாடை ஒட்டிக்கொண்டால் ஆங்கிலமும் வராது, தமிழும் வராது. எங்கள் லீக்கில் 20 நிமிடமாக இரண்டு பாதி, பாதிக்கு இரண்டு கமர்கட்டு ஆகிறது. இந்தியக் கடையில் கடலைமிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். தேன்மிட்டாய் வாங்காதீர்கள், அது சீக்கிரம் கரைந்துவிடுகிறது.