ஒரே கணினியில் பல பைத்தான் பதிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்புடன் பைத்தான் நிரல்மொழியின் 3.10 உம், 24.04 உடன் 3.12 உம் சேர்ந்தே வருகின்றன. பழைய திட்டம் ஒன்றுக்கு 3.8 தேவைப்படும்போது, பைத்தான்3 என்ற கட்டளைக்கான இணைப்பையே 3.8 பக்கம் திருப்பிவிடுவது பலர் செய்யும் முதல் தவறு. விளைவில் பெரியதும் அதுவே. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அந்த இணைப்பையே நம்பியிருக்கின்றன. மென்பொருள் களஞ்சியங்களைச் சேர்க்கும் கருவிக்குத் தேவையான ஏபிடி_பிகேஜி என்ற கூறு, உடன்வந்த பதிப்புக்கென்றே தொகுக்கப்பட்டிருப்பதால், இணைப்பு மாறியதும் அக்கூறு கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தி வரும். 22.04 இல் க்னோம் டெர்மினலைத் தொடங்கிவைக்கும் நிரலும் பைத்தானில் எழுதப்பட்டதே. ஆகவே செய்த மாற்றத்தைத் திரும்பப்பெற டெர்மினலைத் திறக்கப் போனால் அதுவும் திறக்காது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தி உரைத்திரைக்குப் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். உடன்வந்த பைத்தானை அப்படியே விட்டுவிட்டு, பைஎன்வ் போன்ற கருவியைக் கொண்டு மற்றப் பதிப்புகளைப் பயனர் கோப்புறைக்குள் நிறுவிக்கொள்வதே முறை.

நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைப் போட்டு, பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் தொகுப்புகளை நிறுவுவதும் இதே வகைத் தவறுதான். டெபியன் இயங்குதளத்தின் 12 ஆம் பதிப்பு முதல் பிப் இதைத் தானாகவே மறுக்கிறது. மறுப்பை மீறும் வழியை இணையத்தில் தேடுவதைவிட, திட்டத்துக்கென ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்டை (அத்திட்டத்தின் தொகுப்புகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் கோப்புறை) உருவாக்குவது விரைவில் முடியும் வேலை.

பிப் என்று மட்டும் தட்டச்சு செய்தால், அது எந்தப் பைத்தானுக்கு உரியது என்பதை கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் மாறியில் உள்ள கோப்புறைகளின் வரிசையே தீர்மானிக்கிறது. தொகுப்பு 3.10 இல் போய் அமர, நிரல் 3.8 இல் ஓடி, இறக்குமதிப் பிழை வருவது அன்றாடக் காட்சி. வேண்டிய பைத்தானையே அழைத்து, அதன் வழியாக பிப்பை இயக்கினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

வெர்ச்சுவல் என்விரான்மென்ட் தான் உருவான பதிப்போடு பிணைக்கப்பட்டது. மூலப் பதிப்பை நீக்கினாலோ, கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ, உள்ளே எழுதப்பட்ட முழுப் பாதைகள் பொய்த்துப்போகும். அதைப் பழுதுபார்க்க முயலாமல், தேவையான தொகுப்புகளின் பட்டியலைக் கொண்டு புதிதாக உருவாக்குவதே நல்லது.

பைஎன்வ் பொதுவாகப் பைத்தானை மூலநிரலிலிருந்து தொகுக்கிறது என்பதை மறப்பவர்களும் உண்டு. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் மேம்பாட்டுத் தொகுப்பு கணினியில் இல்லாவிட்டாலும் நிறுவல் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். பின்னொரு நாள் ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தில் எழுதிய திட்டத்தை ஓட்டும்போதுதான் எஸ்கியூலைட்டுக்கான கூறு பைத்தானில் இல்லாதது தெரியவரும். அப்போது தொகுப்பை மட்டும் நிறுவினால் போதாது, அந்தப் பைத்தான் பதிப்பையும் மீண்டும் தொகுக்க வேண்டும்.